கிராம்புத் தீவின் ஏழைத் தளபதி

பல்வலி என்று குழந்தை அழுதால், நம் வீட்டுத் தாய்மார் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து ஒரு கிராம்பை எடுத்துக் கொடுப்பது வழக்கம். அந்தச் சிறு மொட்டுக்காக ஒரு காலத்தில் பேரரசர்கள் வழக்காடினார்கள், கப்பல்கள் கடலில் மூழ்கின, சிற்றரசர்கள் சிறைப்பட்டார்கள் என்றால் இன்று நம்புவது கடினம். அந்தக் கிராம்பு விளைந்த தீவுகளுக்குத் தலைவராகப் போய், பெரும் அதிகாரத்தைக் கையில் வைத்திருந்து, வெறுங்கையராகத் திரும்பி வந்த ஒரு மனிதரின் வாழ்க்கையை இவ்வாரம் நம் பங்குக் குடும்பங்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அவர் பெயர் அந்தோனியோ கல்வாவோ. போர்த்துக்கல் நாட்டுப் போர்வீரர்; கப்பற்படைத் தலைவர். அவர் அர்ச்சியசிஷ்டவர் அல்லர். எந்தப் பீடத்திலும் அவருக்குச் சுரூபம் இல்லை. வாள் பிடித்து வாழ்ந்த உலக மனிதரே அவர். ஆயினும், பதவியில் இருக்கும் கிறிஸ்தவன் எப்படி நடக்க வேண்டும் என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கை ஒரு விடை சொல்கிறது. அதனாலேயே அது நமக்கு வேண்டியதாகிறது.

கல்வாவோவின் தந்தை துவார்த்தே கல்வாவோ, போர்த்துக்கல் அரச சபையில் வரலாறு எழுதும் பணியிலும் தூதர் பணியிலும் இருந்தவர். முதிர்ந்த வயதில், 1515ஆம் ஆண்டில், எத்தியோப்பிய நாட்டுக் கிறிஸ்தவ அரசரிடம் தூது போகும்படி அவருக்குக் கட்டளை பிறந்தது. கிழவர் மறுக்கவில்லை, கப்பலேறினார். ஆனால் போய்ச் சேரவில்லை. செங்கடலில் உள்ள கமரான் என்னும் தீவில் 1517இல் உயிர் துறந்தார். அரசர் சொன்ன வேலையைச் செய்யப் புறப்பட்டு வழியிலேயே மாண்ட தகப்பனின் நினைவு மகனுடைய மனத்தில் ஆழப் பதிந்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குப் பின், 1522இல், அந்தோனியோவும் இந்தியாவை நோக்கிக் கப்பலேறினார். படைத் தொழிலில் ஆண்டுகள் கழிந்தன. பிறகு அவருக்குக் கிடைத்த பதவி, மொலுக்கஸ் தீவுகளில் இருந்த போர்த்துகீசியக் கோட்டையின் தலைமை.

மொலுக்கஸ் எங்கே இருக்கிறது என்று சற்றுப் பார்ப்போம். இன்றைய இந்தோனேசியாவின் கிழக்குப் பகுதியில், பூமத்திய ரேகையை ஒட்டி, தெர்னாத்தே, தீதோரே என்ற இரு சிறு தீவுகள் எதிரும் புதிருமாக நிற்கின்றன. ஒவ்வொன்றும் கடலிலிருந்து எழுந்த ஓர் எரிமலை. இவற்றிலும் அருகிலுள்ள வேறு சில சிறு தீவுகளிலும் மட்டுமே அக்காலத்தில் கிராம்பு விளைந்தது. உலகம் முழுவதற்கும் வேண்டிய கிராம்பு இந்தச் சில தீவுகளிலிருந்தே போக வேண்டும். தீவுகளை ஆண்டவர்கள் இஸ்லாம் சமயத்தைத் தழுவிய அரசர்கள்.

1512இல் பிரான்சிஸ்கோ செர்ராவோ என்ற போர்த்துகீசியர் தெர்னாத்தேக்கு வந்து சேர்ந்து, அவ்வரசரின் நண்பரானார். 1521இல் மகெல்லனுடைய கப்பல்கள், தலைவரை வழியிலே பறிகொடுத்துவிட்டு, ஸ்பானிய அரசின் கொடியோடு தீதோரேயை அடைந்தன. அதற்கு மறு ஆண்டே போர்த்துகீசியர் தெர்னாத்தேயில் கோட்டை கட்டத் தொடங்கினர். அர்ச். ஸ்நாபக அருளப்பர் திருநாளில் வேலை தொடங்கியதால் கோட்டைக்கும் அவர் பெயரே சூட்டப்பட்டது. இரு நாடுகளுக்கும் இடையே இருந்த வழக்கு 1529இல் தீர்ந்தது. ஸ்பானிய அரசர் 3,50,000 துக்காத் பொன்னைப் பெற்றுக்கொண்டு தம் உரிமையைப் போர்த்துக்கல் அரசருக்கு விட்டுக்கொடுத்தார். தீவுகளில் வாழ்ந்த மக்களை ஒருவரும் கேட்கவில்லை.

கோட்டைக்குப் புனிதரின் பெயர் இருந்ததேயன்றி, அதற்குள் நடந்த காரியங்களில் புனிதம் இல்லை. ஐரோப்பாவிலிருந்து வருடக் கணக்கில் பயணம் செய்து அங்கே வந்த தலைவர்களுக்கு ஒரே எண்ணம்: குறுகிய காலத்தில் கிராம்பு வாங்கி விற்றுப் பணக்காரராகத் திரும்புவது. 1531இல் ஒரு தலைவரை அவருடைய சொந்தப் போர்த்துகீசியரே கொன்றார்கள். பின்னர் வந்த திரிஸ்தாவோ தெ அத்தாய்தே என்பவர், தெர்னாத்தேயின் இளம் அரசர் தபாரிஜியைப் பிடித்து, சதிக் குற்றம் சாட்டி, கோவாவுக்கு அனுப்பிவிட்டார். அவருக்குப் பதிலாக ஹைருன் என்ற சிறுவனை அரியணையில் ஏற்றக் கொண்டுவரச் சொன்னார். பிள்ளையைத் தர மாட்டேன் என்று தடுத்த தாயை வீரர்கள் சன்னல் வழியே தள்ளிக் கொன்றார்கள் என்று அக்கால வரலாறுகள் கூறுகின்றன. இத்தகைய செயல்களைச் செய்தவர்களும் ஞானஸ்நானம் பெற்றவர்களே என்பதை நாம் வெட்கத்தோடு நினைத்துப் பார்க்க வேண்டும்.

இதன் பலன் என்ன? ஒருவரோடொருவர் ஓயாமல் சண்டையிட்டுக்கொண்டிருந்த தீவு அரசர்கள் அனைவரும் ஒன்றுகூடினார்கள். கோட்டையைச் சூழ்ந்து உணவு வராமல் தடுத்தார்கள். அருகிலுள்ள மோரோ கரையில், 1534ஆம் ஆண்டையொட்டிக் கிறிஸ்தவர்களான ஊரார்மீதும் பழி விழுந்தது. அந்நியரின் கொடுமைக்கு அந்நியரின் வேதத்தை ஏற்ற ஏழைகள் விலை கொடுத்தார்கள்.

இந்த நிலையில்தான், 1536 அக்டோபர் மாதத்தில், கல்வாவோ தெர்னாத்தே வந்து இறங்கினார்.

கோட்டையில் பசி, வெளியே பகை. கல்வாவோ முதலில் சமாதானம் பேச ஆள் அனுப்பினார். முன்பு பலமுறை ஏமாற்றப்பட்ட அரசர்கள் அந்தப் பேச்சை நம்பவில்லை. ஆகவே அவர் போருக்கு எழுந்தார். அரசர்களின் கூட்டுப்படை தீதோரேயில் திரண்டிருந்தது. அவர்களோடு ஒப்பிட்டால் கல்வாவோவின் படை மிகச் சிறியது. எதிரிகள் எதிர்பாராத வழியில் மலையேறி, உச்சியில் இருந்த அரணைப் பிடித்தார். தெர்னாத்தேயின் முன்னாள் அரசர் தயாலோ அந்தப் போரில் மாண்டார். ஊர் எரிந்தது. இந்த வெற்றியை நாம் வெறும் புகழ்ச்சியாகப் பேசலாகாது. எரிந்த வீடுகளும் மனிதர் வாழ்ந்த வீடுகளே.

ஆனால் வென்ற பிறகு அவர் நடந்துகொண்ட விதமே அவரை மற்றவரினின்று வேறுபடுத்தியது. அவர் தீதோரே அரசரை அவமானப்படுத்தவில்லை, சிறைப்பிடிக்கவில்லை, சமாதானம் செய்துகொண்டு நண்பராக்கிக்கொண்டார். இன்னும் பணியாதிருந்த ஜிலோலோ, பச்சான் அரசர்களுக்கு, இருபுறத்து மக்களும் சாக வேண்டாம், நாம் தனித்தனியே நின்று போரிட்டு முடிவு செய்வோம் என்று சொல்லியனுப்பினார் என்றும், தீதோரே அரசர் நடுவில் புகுந்து சமாதானம் செய்துவைத்தார் என்றும் வரலாற்று ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். நேற்றுவரை பகைவராயிருந்தவரே இன்று சமாதானத் தூதரானார் என்றால், கல்வாவோவின் சொல்லில் அவருக்கு எவ்வளவு நம்பிக்கை பிறந்திருக்க வேண்டும்!

அதன்பின் ஆட்சி. கோட்டையைச் சுற்றிக் குடிசைகளில் வாழ்ந்தவர்களுக்குக் கல் வீடுகள் கட்டச் செய்தார். ஊருக்கு மதில் எழுப்பினார். தோட்டங்கள் போடவும் பயிர் செய்யவும் தூண்டினார். வந்தவர்கள் கொள்ளையடித்துவிட்டு ஓடுகிறவர்களாக இராமல், குடும்பம் அமைத்து வாழ்கிறவர்களாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கம். கோட்டைக்குள் கைதியைப் போல வைக்கப்பட்டிருந்த இளம் அரசர் ஹைருனை அரசருக்குரிய மரியாதையோடு நடத்தினார். தீவு மக்களின் வழக்கங்களையும் மரஞ்செடிகளையும் அரசமுறையையும் கவனித்துக் குறித்துவைத்தார். ஆளப்படுகிற மக்களை அறிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் அக்காலத் தலைவர்களிடையே அரிதாகவே இருந்தது.

தீவாரின் அன்பைப் பெற்றவருக்குத் தம் சொந்த நாட்டாரிடமே எதிர்ப்பு எழுந்தது. கிராம்பு வியாபாரம் அரசருடைய உரிமை என்பது சட்டம். ஆனால் கோட்டையில் இருந்த எல்லாரும் தத்தம் பங்குக்குக் களவாக வாங்கி விற்று வந்தார்கள். முந்திய தலைவர்களும் அதற்குத் துணை போனார்கள். ஏனெனில் பெரும் பங்கு அவர்களுக்கே. கல்வாவோ தாமும் அந்த வியாபாரத்தில் இறங்கவில்லை, பிறரையும் தடுத்தார். உடனே முணுமுணுப்பு, கலகம். நேர்மையானவன் மேலே வந்தால் கீழே இருப்பவர்கள் முதலில் மகிழ்வார்கள். தங்கள் பையிலும் அவன் கை வைக்கும்போது அவனையே பகைப்பார்கள். இது எந்த நாட்டிலும் எந்த அலுவலகத்திலும் நாம் காணும் காட்சியே.

வேத காரியங்களில் கல்வாவோ காட்டிய ஆர்வத்தால் பிற்காலத்தார் அவரை மொலுக்கஸ் தீவுகளின் அப்போஸ்தலர் என்றும் அழைத்தனர். சிதறிப்போன மோரோ கிறிஸ்தவர்கள் மீண்டும் ஒன்றுசேர்க்கப்பட்டார்கள். 1538இல் அம்போன் தீவின் சில ஊரார் ஞானஸ்நானம் பெற்றார்கள். மக்காசார் நாட்டுச் சகோதரர் இருவர் தெர்னாத்தேயில் கிறிஸ்தவர்களாகி, அந்தோனியோ கல்வாவோ என்றும் மிகேல் கல்வாவோ என்றும் தளபதியின் குடும்பப் பெயரையே சூடிக்கொண்டார்கள். அவர்களுடைய நாட்டுக்குக் குருக்களை ஏற்றிக்கொண்டு போன கப்பலைக் காற்று வடக்கே அடித்துக்கொண்டு போயிற்று. அது இன்றைய பிலிப்பைன்சின் மிந்தனாவோப் பகுதியை அடைந்தது. அங்கும் சில சிற்றரசர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இவற்றிலெல்லாம் அரசியலும் கலந்திருந்தது என்பது உண்மை. அக்காலத்தில் பாதுகாப்பு நாடியும் நட்பு நாடியும் ஞானஸ்நானம் கேட்டவர்கள் உண்டு. போதிய உபதேசமின்றிப் பெற்ற ஞானஸ்நானம் நிலைப்பதும் கடினம். கல்வாவோ இதை உணர்ந்தவர் போலும். அவர் பல தீவுகளிலிருந்து சிறுவர்களைத் தெர்னாத்தேயில் ஒன்றுசேர்த்து, அவர்கள் கல்வியும் ஞானோபதேசமும் கற்கும்படி ஒரு மடம் ஏற்படுத்தினார். வேற்றுத் தீவு, வேற்றுமொழிப் பிள்ளைகள் ஒரே கூரையின்கீழ் வளர்ந்தார்கள். ஒவ்வொரு மேற்றிராசனத்திலும் குருமடம் இருக்க வேண்டுமென்று திரிதெந்தின் பொதுச்சங்கம் கட்டளையிட்டது 1563இல் என்பதை நினைத்தால், அதற்குக் கால் நூற்றாண்டு முன்பே ஒரு போர்வீரர் இப்படிச் செய்தது வியப்பே.

கல்வாவோவின் தவணை முடியும் காலம் நெருங்கியபோது, அவரை ஆயுள் முழுவதும் தலைவராக வைக்க வேண்டுமென்று தீவுத் தலைவர்கள் விரும்பினார்கள். தெர்னாத்தேயின் அரச பதவியையே அவருக்குக் கொடுக்க முன்வந்தார்கள். அவர் ஏற்கவில்லை. அது உரிமையுள்ள அரசர் குலத்துக்கு உரியது. தாமோ வேறொரு அரசருக்குச் சத்தியம் செய்துகொடுத்த வீரர். 1540ஆம் ஆண்டளவில் புதிய தலைவரிடம் பதவியை ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறினார். வரும்போது கொண்டுவந்த சொந்தப் பொருள், படைக்கும் ஊருக்கும் ஏழைகளுக்கும் செலவாகிப் போயிருந்தது. கிராம்புத் தீவிலிருந்து கிராம்பால் பயனடையாமல் திரும்பிய தலைவர் அவர்.

லிஸ்பனில் மூன்றாம் ஜான் அரசர் ஆண்டுகொண்டிருந்தார். சமாதானமான தீவுகளை அரசருக்குக் கொடுத்த ஊழியன் என்ற முறையில், தமக்கு ஏதாவது பரிசோ பதவியோ கிடைக்கும் என்று கல்வாவோ எதிர்பார்த்தார். அரண்மனை வாசலில் காத்து நின்றார். ஒன்றும் கிடைக்கவில்லை. கொள்ளைப் பொருளோடு வந்தவர்கள் மாளிகை கட்டினார்கள். நேர்மையாக வந்தவருக்குக் குடியிருக்கவும் இடமில்லை. இறுதியில் அவர் அடைக்கலம் புகுந்தது, சகல அர்ச்சியசிஷ்டவர்கள் பெயரால் லிஸ்பனில் இருந்த அரசாங்க தரும ஆஸ்பத்திரியில். அங்கே ஏறக்குறைய பதினேழு ஆண்டு பிறர் தயவில் வாழ்ந்தார் என்று அவருடைய நண்பர் பிரான்சிஸ்கோ தெ சூசா தவாரெஸ் எழுதிவைத்திருக்கிறார்.

பதினேழு ஆண்டு! கசந்து போவதற்கு அது போதுமான காலம். கல்வாவோவுக்கும் மன வருத்தம் இல்லாமற் போகவில்லை. ஆனால் அவர் அந்த நாட்களை முறையிட்டே கழித்துவிடவில்லை, எழுத உட்கார்ந்தார். பழங்காலம் முதல் 1550ஆம் ஆண்டு வரை உலகில் கடல்வழிகளும் நாடுகளும் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டன என்பதை ஆண்டு வரிசையாகத் தொகுத்தார். மிளகும் வாசனைச் சரக்குகளும் எந்தெந்த வழியாக ஐரோப்பாவுக்குப் போயின என்று விளக்கினார். மத்திய அமெரிக்காவின் ஒடுங்கிய நிலத்தை வெட்டி இரு கடல்களையும் இணைக்கக்கூடிய நான்கு இடங்களையும் குறிப்பிட்டார். பனாமாக் கால்வாய் திறக்கப்பட்டது 1914இல். தரும ஆஸ்பத்திரியில் இருந்த மனிதரின் மனம் உலகத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது.

1557இல் அந்தோனியோ கல்வாவோ அதே ஆஸ்பத்திரியில் மரணமடைந்தார். அவர் விட்டுச் சென்ற ஆஸ்தி இரண்டு: 2,000 குருசாதோக் கடன், ஒரு கட்டுக் காகிதங்கள். கடனில் ஒரு பகுதி அந்த ஆஸ்பத்திரிக்கே கொடுக்க வேண்டியது. அடக்கத்துக்கும் பிறருடைய தருமமே உதவிற்று. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மூன்றாம் ஜான் அரசரும் இறந்தார். காக்க வைத்தவரும் காத்திருந்தவரும் ஒரே ஆண்டில் ஒரே நீதிபதியின் முன் போய் நின்றார்கள்.

காகிதங்கள் மட்டும் சாகவில்லை. நண்பர் தவாரெஸ் 1563இல் அந்த நூலை லிஸ்பனில் அச்சிட்டார். 1601இல் அது ஆங்கிலத்திலும் வெளிவந்தது. மொலுக்கஸ் தீவுகளைப் பற்றிய பழைய கையெழுத்துப் படியொன்று, கல்வாவோ எழுதியதாகக் கருதப்படுவது, 1971இல் ஒரு சேசு சபைக் குருவின் உழைப்பால் உரோமையில் பதிப்பிக்கப்பட்டது. அத்தீவு மக்களின் பழைய வாழ்க்கையை அறிய விரும்பும் அறிஞர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள்.

அவர் போன பின்பு தீவுகளில் என்ன நடந்தது? இங்கே நமக்கு மிகவும் அறிமுகமான ஒருவர் வருகிறார். நம் முத்துக்குளித் துறையில் ஊர் ஊராக நடந்து, மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழிலே ஜெபம் சொல்லிக்கொடுத்த அர்ச். சவேரியாரே அவர். 1545இல் மயிலாப்பூரில் அர்ச். தோமையார் கல்லறையண்டையில் தங்கி ஜெபித்து, அங்கிருந்து மலாக்காவுக்குப் புறப்பட்ட சவேரியார், 1546இல் அம்போனிலும் பின் தெர்னாத்தேயிலும் போய் இறங்கினார். மோரோ கரைக்குப் போக வேண்டாம் என்று பலர் தடுத்தும் போனார். நாடு கடத்தப்பட்ட தபாரிஜி அரசரின் தாயார் அவரிடம் ஞானஸ்நானம் பெற்று இசபெல் என்று பெயர் பெற்றார். சவேரியார் சென்ற ஊர்கள் பலவற்றில், பத்து ஆண்டுகளுக்குள்ளாக, கல்வாவோவின் காலத்தில் சமாதானம் விதைக்கப்பட்டிருந்தது.

ஆனால் கோட்டைக்கு வந்த தலைவர்கள் பலர் மறுபடியும் பழைய வழியிலேயே நடந்தார்கள். 1570இல், ஹைருன் அரசரும் கோட்டைத் தலைவர் மெஸ்கித்தாவும் நட்பாக இருப்பதாகச் சத்தியம் செய்துகொண்டார்கள். அதை நம்பிக் கோட்டைக்குள் வந்த ஹைருன் அங்கே குத்திக் கொல்லப்பட்டார். அவர் மகன் பாபுல்லா கோட்டையை முற்றுகையிட்டார். ஐந்து ஆண்டு கழித்து, 1575இல், போர்த்துகீசியர் கோட்டையை ஒப்படைத்துவிட்டுத் தெர்னாத்தேயை விட்டு வெளியேறினார்கள். அந்தப் போரில் கிறிஸ்தவ ஊர்கள் பல அழிந்தன. ஒருவர் தம் நேர்மையால் சேர்த்த நம்பிக்கையை, மற்றொருவர் ஒரு கத்தியால் இழந்தார். கோட்டையின் இடிந்த சுவர்கள் இன்றும் தெர்னாத்தேயில் நிற்கின்றன.

அன்பான குடும்பத்தாரே! கல்வாவோ குற்றமற்றவர் என்று நாம் சொல்லவில்லை. பிறர் நாட்டில் கோட்டை கட்டி, அவர்கள் விளைபொருளைத் தம் விலைக்கு வாங்கிய ஓர் அரசின் ஊழியர்தாம் அவர். அந்த ஏற்பாடே நீதியானதா என்று அவர் கேட்டதாகத் தெரியவில்லை. ஆனால் தம் கைக்கு வந்த அதிகாரத்துக்குள், தாம் செய்யக்கூடிய நீதியைச் செய்தார். எதிரியிடம் சொன்ன சொல்லைக் காத்தார். எல்லாரும் எடுத்த பொருளைத் தாம் எடுக்கவில்லை.

நம்மில் கோட்டைத் தலைவர்கள் இல்லை. ஆனால் ரேஷன் கடையில் நிறுப்பவர் இருக்கலாம். அலுவலகத்தில் கையெழுத்திடுபவர் இருக்கலாம். கூலி கொடுப்பவர் இருக்கலாம். ஊர்ப் பணத்தை வைத்திருப்பவர் இருக்கலாம். நம் வேதத்தை ஒருநாளும் படித்திராத அயலார், நம் தராசையும் நம் கணக்குப் புத்தகத்தையும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். தெர்னாத்தே மக்களும் கிறிஸ்தவ வேதத்தை முதலில் படித்தது கோட்டைத் தலைவர்களின் கைகளில்தான். சிலருடைய கையில் இரத்தம் இருந்தது. பலருடைய கையில் கிராம்பு இருந்தது. கல்வாவோவின் கை மட்டும் வெறுமையாக இருந்தது.

நேர்மைக்கு இவ்வுலகில் கூலி நிச்சயம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள்; கல்வாவோவுக்கு அது கிடைக்கவில்லை. கூலி கிடைக்காத போதும் நேர்மை நேர்மையே என்று சொல்லுங்கள். இன்றிரவு குடும்ப ஜெபம் முடிந்தபின், அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு கிராம்பை எடுத்துக் காட்டி, பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.